ஒன்பது நாற்பதுக்குப் பிறகு: வெறியில் நினைவு அறுந்த ஒருவரின் நோய்ப் பயம்

(நிகழ்வு ஆய்வு. இதில் வருபவர் தனி ஒருவர் அல்லர். குடித்த இரவொன்று நினைவில்லாமல் போய், அதன் பின் நோய்ப் பயத்தோடு கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கோலங்களை ஒரே ஆளில் வைத்து எழுதிய மாதிரி நிகழ்வு.)

ஆள்: 34 வயது ஆண். திருகோணமலை அன்புவழிபுரத்தில் வீடு. நகரில் ஹாட்வெயார்க் கடை ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். மனைவி, நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. மாதத்தில் இரண்டு தரம், சில மாதம் மூன்று தரம் குடிப்பார். நீரிழிவு, வலிப்பு, தலைக்காயம் எதுவும் முன்னர் இல்லை. எடை 64 கிலோ.

வந்த நாள்: சம்பவத்துக்குப் பின் ஒன்பதாம் நாள்.

சொன்ன முறைப்பாடு: நெஞ்சு படபடப்பு, கழுத்தில் கட்டி, நித்திரை இல்லை. சொல்லாமல் வைத்திருந்த முறைப்பாடு அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது: “டொக்டர், அண்டைக்கு ராத்திரி நான் என்ன செய்தன் எண்டு எனக்குத் தெரியாது.”

சனிக்கிழமை பின்னேரம் உப்புவெளியில் நண்பன் வீட்டு வளவில் ஆறு பேர் கூடியிருக்கிறார்கள். மத்தியானம் 12 மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. தடிமனுக்குப் பின்னேரம் ஒரு பிரிட்டன் (ஒவ்வாமைக்கான, தூக்கம் தரும் மருந்து) குளிசை போட்டிருக்கிறார். ஏழு மணிக்கு ஒரு ஸ்ட்ரோங் பியர், பிறகு சாராயம். கணவாய்ப் பொரியல் வந்தது ஒன்பதரைக்குப் பிறகு. கடைசியாகத் தெளிவாக நினைவிலிருப்பது 9.40: போனில் மனைவிக்கு “வாறன்” என்று செய்தி அனுப்பியது. அதன்பின் இரண்டு துண்டுகள் மட்டும்: கிணற்றடியில் யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தது, காலுக்கடியில் ஈர மணல். அடுத்தது விடியப்புறம் 4.50, தன் வீட்டுப் பாயில். மோட்டார் சைக்கிள் முற்றத்தில். இடது முழங்காலுக்குக் கீழே மூன்று கீறல்.

ஒன்பது நாளில் நாலு பயம் வளர்ந்திருந்தது. வழியில் யாரையோ இடித்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கோ யாருடனோ போய் எச்.ஐ.வி. வாங்கிவிட்டேன். கீறினது நாய், விசர்நாய். நாலாவது, மற்ற மூன்றுக்கும் தாயானது: “நாலு ஷொட்டுக்கு ஆருக்கும் இப்பிடி வருமா? ஒண்டில் ஆரோ கலந்து தந்திருக்கினம், இல்லாட்டி என்ர மூளையில ஏதோ வந்திட்டுது.”

நாலாவதை முதலில் எடுத்தோம். இப்படியான நிகழ்வுகளில் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். “நாலு ஷொட்” என்று கேட்டதும் கோப்பில் நாலு என்று எழுதிவிட்டு, நோயாளியின் சந்தேகத்துக்கு மறுமொழி தேடப் போய்விடுகிறார்கள். கணக்கே பிழையென்றால் அதற்கு மேல் கட்டுவதெல்லாம் பிழை.

மேசையில் பிளாஸ்டிக் கப் ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் வைத்து, “அண்டைக்கு வாத்த மாதிரி வாருங்கோ” என்றோம். வார்த்தார். கப்பின் அடியிலிருந்து இரண்டு விரல். அதை 20 மில்லிலீட்டர் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தால் 68 மில்லிலீட்டர். ஷொட் என்று ஊரில் சொல்வது ஏறத்தாழ 30 மில்லிலீட்டர். தன் கையால் வார்த்த தண்ணீரைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் உறிஞ்சினால் முடிந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். நாலாம் தரமும் சிரிஞ்ச் பாதிக்குக் கிட்ட நிறைந்தது.

கணக்கு இப்படிப் போகும். போத்தலில் 33.5 வீதம் என்று போட்ட சாராயம், 68 மில்லிலீட்டர் வீதம் நாலு தரம், 272 மில்லிலீட்டர். அதில் தூய அற்ககோல் 91 மில்லிலீட்டர். அற்ககோலின் அடர்த்தி 0.789 என்பதால் எடையில் 72 கிராம். 8.8 வீத பியர் 500 மில்லிலீட்டர் இன்னும் 35 கிராம். மொத்தம் 107 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கிராம் அளவில் பார்த்தால் ஏறத்தாழப் பத்தரை ‘குடி’. அவர் மனதில் இருந்த எண் ஐந்து.

64 கிலோ ஆணின் உடலில் அற்ககோல் பரவும் பங்கு ஏறத்தாழ 0.68, அதாவது 43.5 கிலோ. 107 கிராமை அதால் பிரித்து, மூன்று மணித்தியாலத்தில் ஈரல் எரித்ததை, மணிக்கு 100 மில்லிலீட்டருக்கு 15 மில்லிகிராம் வீதம் கழித்தால், பத்து மணியளவில் இரத்தத்தில் 100 மில்லிலீட்டருக்கு 200 மில்லிகிராம். இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். ஆனால் பிளாக்அவுட் (குடியால் நினைவு பதியாமல் போவது) வருவதற்கு வழமையாகச் சொல்லப்படும் எல்லை 160ஐச் சுற்றி. இவர் அதைத் தாண்டி நின்றிருக்கிறார். வெறுவயிறு, வேகம், தூக்கம் தரும் பிரிட்டன், மூன்றும் அதே பக்கம் தள்ளியிருக்கின்றன. யாரும் எதையும் கலந்திருக்கத் தேவையில்லை.

(கலந்தார்கள் என்ற சந்தேகத்தை எப்போதும் இப்படித் தள்ளிவிடக் கூடாது. அளந்த அளவு சிறிதாகவும் மயக்கம் பெரிதாகவும் இருந்தால் அது உண்மையான சந்தேகம். மருந்துக்கான சிறுநீர்ச் சோதனை நாட் கணக்கில் பயனிழந்து விடும், சில மருந்துக்கு மணிக் கணக்கில்.)

நினைவு எங்கே போனது என்ற கேள்விக்கு மறுமொழி: போகவில்லை, பதியவே இல்லை. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நடந்து கொண்டிருப்பதை நீண்டகால நினைவாக எழுதி வைக்கும் எழுத்தர். இரத்தத்தில் அற்ககோல் மளமளவென்று ஏறும்போது அங்கே நினைவு பதிய உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் அடங்கிப் போகின்றன. எழுத்தர் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார். ஆனால் கண் பார்க்கும், வாய் கதைக்கும், கால் நடக்கும், பழைய நினைவுகளும் கைவசம் இருக்கும். மனநல ஆய்வாளர் டொனால்ட் குட்வின் குழுவினர் 1970இல் வெளியிட்ட பரிசோதனையில் குடித்தவர்களுக்கு விசித்திரமான பொருட்களைக் காட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் கேட்டால் சரியாகச் சொன்னவர்களில் நினைவு அறுந்தோர், அரை மணித்தியாலம் கழித்தும் மறுநாளும் அதையே சொல்ல முடியாமல் நின்றார்கள். அதனால்தான் நண்பர்கள் “நீ நல்லாத்தானே கதைச்சுக்கொண்டிருந்தாய்” என்கிறார்கள். மயங்கி விழுவது வேறு, இது வேறு.

இவருடையதில் கிணற்றடியும் ஈர மணலும் மிஞ்சியிருப்பதால் நினைவு முழுதாக அறுந்தது அல்ல, துண்டு துண்டாக அறுந்தது. துண்டுகளை மற்றவர் சொல்ல நினைவு கொஞ்சம் விரியலாம். பதியாத இடம் எதைச் செய்தாலும் வராது. ஹிப்னோசிஸ், மூலிகை, இரவிரவாக யோசிப்பது எதுவும் எழுதாத கொப்பியை வாசிக்காது. யோசிக்க யோசிக்க வருவது நினைவல்ல, கற்பனை. அதற்கும் நினைவின் உடுப்பே இருக்கும். “ஒரு சந்தில் நிண்ட மாதிரி இருக்கு” என்று ஆறாம் நாள் அவருக்கு ‘ஞாபகம் வந்தது’ அப்படிப்பட்டதுதான்.

பிளாக்அவுட் என்றாலே குடிநோயாளி என்ற எண்ணம் பழையது. 1946இல் குடிநோய் ஆய்வாளர் ஜெலினெக் அதைக் குடிநோயின் முன்னறிகுறியாக எழுதினார். 1969இல் குட்வின், சிகிச்சையில் இருந்த நூறு குடிநோயாளரைக் கேட்டபோது 64 பேருக்கே அது வந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எப்போதாவது குடிக்கும் மாணவர்களிடமும் அதைக் கண்டன. ஓரிரவு நினைவு அறுந்ததால் மூளை அழிந்துவிடுவதில்லை. நினைவை அழிக்கும் கோர்சகோவ் நோய் என்று இவர் இணையத்தில் வாசித்தது, நீண்டகாலக் குடியோடு தயமின் என்ற பி1 விற்றமின் குறைந்து வருவது. ஒரு சனிக்கிழமையில் வராது.

அடுத்தது கடிகாரம். இந்த ஆய்வை வாசிக்கும் தாதியருக்கும் உளவளத்துணையாளருக்கும் சொல்ல வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று உண்டென்றால் இதுதான்: நினைவு அறுந்த ஒருவரிடம் முதல் நாளிலேயே “பயப்படாதீங்கோ, ஒண்டும் நடந்திருக்காது” என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது. சில விடயங்களுக்கு மணிக் கணக்கு உண்டு. அவற்றை ஒரு தரம், ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும்.

தலை முதலில். அற்ககோலால் வந்த மறதியையும் அடிபட்டு வந்த மறதியையும் பேச்சை வைத்துப் பிரிக்க முடியாது. விரல்களால் தலையோட்டை முடிக்குள் முழுக்கத் தடவிப் பார்ப்பது, காதுக்குப் பின்னாலும் கண்ணைச் சுற்றியும் கண்டலைத் தேடுவது, கண்மணிகளை ஒப்பிடுவது. கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கி விழுதல், கை கால் ஒரு பக்கம் சோர்தல், மூக்கால் காதால் தெளிந்த நீர், வலிப்பு: ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, 1990 இலக்க அம்புலன்ஸ். மூளை உறைக்குக் கீழே மெல்லக் கசியும் இரத்தம் வாரங்கள் கழித்தும் காட்டலாம், வயதானவர்களிலும் இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களிலும் கூடுதலாக. இவருக்கு ஒன்றும் இல்லை, சி.டி. ஸ்கேன் கேட்டார், எடுக்கவில்லை.

எச்.ஐ.வி.க்கு உட்பட்டிருக்கச் சாத்தியம் இருந்தால் தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள். முந்தினால் முந்தினது நல்லது. பெண்ணாக இருந்தால் அவசர கருத்தடைக் குளிசைக்கும் அதே 72 மணித்தியாலத்தைக் கணக்கில் வைக்கலாம். பலாத்காரம் நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல், பொலித்தீனில் அல்லாமல் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. நினைவில்லை என்பது சம்மதம் அல்ல என்பதையும் அந்த அறையிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விலங்குக் கீறல் என்ற சந்தேகமென்றால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே விசர்நாய்க்கடிப் பிரிவு. அழுக்குக் காயத்துக்கு, கடைசி ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி ஐந்து வருடத்துக்கு மேலென்றால் இன்னொன்று.

இவர் வந்தது ஒன்பதாம் நாள். 72 மணித்தியாலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே அன்று கூட இருந்த நண்பர் இருவரை, சாட்சியாக, ஒரே நேரத்தில், அவர் முன்னால், ஸ்பீக்கர் போனில் கேட்டோம். கிணற்றடியில் முள்ளுக்கம்பியில் கால் பட்டதை இருவரும் கண்டிருக்கிறார்கள். கீறல் மூன்றும் சம இடைவெளியில் அல்ல, ஒன்று மற்றதை வெட்டிச் செல்கிறது, கம்பிக்குப் பொருந்துகிறது. விசர்நாய்த் தடுப்பூசி போடவில்லை. சாட்சி இல்லாதிருந்தால் போட்டிருப்போம். அந்த நோயில் பந்தயம் கட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளை ஒரு நண்பன் ஓட்டி வந்திருக்கிறான். இவரை மற்றவர் ஓட்டோவில் ஏற்றி, பின்னால் வந்து, மனைவியிடம் ஒப்படைத்தது 11.10க்கு. இடையில் வளவை விட்டு வெளியே போகவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு பயம் போயிருக்க வேண்டுமே. போகவில்லை. அதுதான் இந்த நோயின் இயல்பு.

போகாததற்கு முதற்காரணம் உடம்பு. ஞாயிறு காலை இதயத் துடிப்பு 108, கை நடுக்கம், வேர்வை, காரணமில்லாத திகில். அற்ககோல் மூளையை அமைதியாக்கும் காபா என்ற இரசாயனத்துக்குக் கை கொடுத்து, மூளையைத் தூண்டும் குளூட்டமேற்றை அடக்கும். மூளை அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் சாயும். இவருடைய இரத்தத்தில் அற்ககோல் முற்றாக வடிய ஞாயிறு மதியம் கிட்டவாகியிருக்கும். வடிய வடிய, சாய்ந்து நின்ற மூளை மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் திகிலுக்கு அறிவு ஒரு காரணம் தேடும். தேடும் இடத்தில் ஏழு மணித்தியால வெற்றிடம் இருந்தால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ‘நான் ஏதோ செய்திருக்கிறேன், அதுதான் நெஞ்சு சொல்லுது’ என்று அவர் முடிவுகட்டியது அந்த ஞாயிறு காலைதான். ஜீவனி ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கஞ்சி குடித்து, படுத்திருந்தால் பெரும்பகுதி ஒரு நாளில் அடங்கியிருக்கும். கோப்பி நாலு குடித்தார், படபடப்பு கூடியது.

இரண்டாவது காரணம் சோதனைகள். ஐந்தாம் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் எச்.ஐ.வி. விரைவுச் சோதனை எடுத்தார். இல்லை என்று வந்தது. வீட்டுக்கு வந்து ‘ஐந்தாம் நாள் சோதனை செல்லாது’ என்று இணையத்தில் வாசித்தார், அது உண்மையும் கூட. காசு கொடுத்து வாங்கிய ஆறுதல் ஒரு பின்னேரம்கூடத் தாங்கவில்லை. பிறகு ஈ.சி.ஜி. இரண்டு, ஈரல் சோதனை ஒன்று. ஒவ்வொன்றும் ‘சரி’ என்று வர வர, இன்னும் பார்க்காதது எது என்ற பட்டியல்தான் நீண்டது.

கழுத்துக் கட்டியைத் தனியே சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழே இடப்புறம் பயறளவில் ஒரு நிணநீர்க் கணு, உருளக்கூடியது. தடிமனுக்கு எல்லோருக்கும் வருவது. இவர் கண்ணாடிக்கு முன்னால், கடையில் லாச்சிக்குப் பின்னால், மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கில், எங்கும் இரண்டு விரலால் அதை அமத்திப் பார்த்திருக்கிறார். அமத்திய இடத்தில் தோல் சிவந்து, தொட்டால் நோகும்படி ஆகியிருந்தது. நோவு வந்ததும் ‘வளருது’. செய்த பரிசோதனை எளிது: வலப்புறம், ஒன்றுமே இல்லாத இடத்தை, அதே பலத்தோடு மூன்று நாள் அமத்தச் சொன்னோம், இடப்பக்கத்தைத் தொடவே கூடாது. நாலாம் நாள் வலப்பக்கம் நொந்தது, இடப்பக்கம் அடங்கியிருந்தது. ஒரு மணித்தியால விளக்கத்தை விட அவரை அசைத்தது அது.

மூன்றாவது, ஆறுதல் கேட்பது. உப்புவெளி நண்பனிடம் ஒன்பது நாளில் பதினொரு தரம் கேட்டிருக்கிறார். முதல் தரம் அவன் சொன்னது “பத்தரைக்கு வெளிக்கிட்டம்”, ஏழாம் தரம் “ஒரு பத்தே முக்கால் இருக்கும்.” மனிதர் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இவருக்கு அந்தப் பதினைந்து நிமிடம் புதிய வெற்றிடமாகியது: “மச்சான் எனக்கு மறைக்கிறான்.” கேட்கக் கேட்கப் பதில்கள் கூடும், பதில்கள் கூடினால் முரண் வரும், முரண் வந்தால் சந்தேகம். மனைவியிடம் இரவில் மட்டும் ஐந்தாறு தரம். அவர் முதலில் ஆறுதல் சொன்னார், பிறகு அழுதார், பிறகு ஏசினார்.

சிகிச்சையின் நடு ஒரு ஏ4 தாள். நீளவாட்டில் 7 மணியிலிருந்து 5 மணி வரை கோடு. தனக்கே நினைவிருப்பதை நீலப் பேனையால், மற்றவர் கண்டு சொன்னதைச் சிவப்பால், ஊகத்தைப் பென்சிலால். வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவது. சட்டம் ஒன்றே: பென்சிலை ஒருபோதும் பேனையாக்கக் கூடாது. அந்தச் ‘சந்து’ பென்சிலில் போனது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவரே அழித்தார்.

அதோடு சின்னக் கொப்பி ஒன்று. கேட்கவோ தேடவோ அமத்தவோ மனம் உந்தும்போது நேரத்தையும் உந்தலின் பலத்தை 0 முதல் 10 வரையும் எழுதி, 20 நிமிடம் தள்ளிப் போடுவது. 20 நிமிடத்துக்குப் பின்னும் வேண்டுமென்றால் செய்யலாம். தடை போடாமல் தள்ளிப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தடையை மீறினால் ஆள் அடுத்த தவணைக்கு வரமாட்டார். மனைவிக்கும் ஒரே வசனம் கொடுத்தோம்: “அதைப் பற்றிக் கதைச்சு முடிச்சிட்டம், இனி கொப்பியில எழுதுங்கோ.” கோபமில்லாமல், ஒவ்வொரு தரமும் அதே சொற்களில். முதல் வாரம் மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம், மோசமாகியது. இரண்டாம் வாரக் கடைசியில் 8, 9 என்று இருந்த எண்கள் 4, 5க்கு இறங்கின.

நோய்ப்பயக் கோளாறு என்று பெயர் எழுதவில்லை. அதற்கு ஆறு மாதம் நீடிக்க வேண்டும். எழுதியது: குடியைத் தொடர்ந்த பதகளிப்பு, நோய்ப் பயத்தோடு. நித்திரைக் குளிசை கேட்டார். பென்சோடயசெபீன் வகை கொடுக்கவில்லை. அதுவும் அதே காபாவில் தொங்குவது, அதுவும் நினைவை அறுக்கும், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையும் அமத்தும்.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்டோம். வெட்கம், நித்திரையின்மை, குடி மூன்றும் சேர்ந்த இடத்தில் கேட்காமல் விடுவது தவறு. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். “செத்தால் நல்லம் எண்டு ரெண்டு ராத்திரி நினைச்சன்.” திட்டம் இல்லை, வீட்டில் பூச்சிமருந்தும் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை மனைவியின் போனிலும் பதியச் சொன்னோம்.

வருத்தம் வேறு, பயம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தார். செய்திருக்கலாம் என்று நினைத்ததற்காக 14 பேருக்கு ‘அண்டைக்கு ஏதும் பிழையாச் செய்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ என்று செய்தி அனுப்பியிருக்கிறார். எதுவும் நடவாத வீடுகளில் ‘என்ன செய்தவர்?’ என்று கதை கிளம்பியது. ஆனால் உண்மையில் செய்த ஒன்று இருந்தது: நண்பனின் தகப்பனாரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லி, பிளாஸ்டிக் கதிரை ஒன்றை உடைத்தது. தாளில் அது சிவப்பில். அதற்கு யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது. மன்னிப்புத்தான் கேட்க வேண்டும், ஒரே தரம், நேரில், “வெறியில செய்திட்டன்” என்ற சாட்டு இல்லாமல். கதிரை வாங்கிக்கொண்டு போனார். கிழவர் தேத்தண்ணி கொடுத்து, “தம்பி, இனி மூண்டைக் குடிச்சிட்டு நாலெண்டு சொல்லு” என்றாராம். இது எல்லோருக்கும் கிடைக்கும் அதிர்ஷ்டமல்ல.

குடிக்கு: ஆடிட் என்ற பத்துக் கேள்வி அளவில் 40க்கு 18. அதில் எட்டாம் கேள்வியே முதல் நாள் நடந்தது நினைவில்லாமல் போவதைப் பற்றியது. 16 முதல் 19 வரை என்றால் ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். மூன்று மாதம் முற்றாக விடுவது என்று உடன்பட்டார். குடியை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறி அவருக்கு இல்லை. தினமும் குடிப்பவராக இருந்தால் திடீரென நிறுத்தச் சொல்லக் கூடாது, வலிப்பு வரலாம். அதற்குப் பிறகும் குடித்தால் என்ன என்று கேட்டார். அளந்து வார்ப்பது, சோறு தின்ற பிறகு, மணிக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, பிரிட்டனோ நித்திரைக் குளிசையோ போட்ட நாளில் அறவே இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். பாதுகாப்பான அளவு என்று எதையும் எழுதவில்லை.

எச்.ஐ.வி. பற்றி எமக்குள் இரண்டு கருத்து இருந்தது. உட்பட்டதற்குச் சான்றே இல்லாதபோது சோதிப்பது பயத்துக்குத் தீனி என்பது ஒன்று. முடிவுத் திகதி ஒன்று இல்லாமல் இவர் தனியார் கூடங்களில் அலைவார் என்பது மற்றது. இரண்டாவதை எடுத்தோம். நான்காம் தலைமுறை ஆய்வுகூடச் சோதனை, 45ஆம் நாள், அரச பாலியல்நோய்க் கிளினிக்கில், ஒரே ஒரு தரம். அதற்கு முன் எதுவும் இல்லை, பின்னும் இல்லை என்று அவரே கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். இல்லை என்று வந்தது.

மூன்றாம் மாதம் வந்தபோது கழுத்தைத் தொடுவதில்லை, கடைக் கணக்கில் பிழை இல்லை, நித்திரை ஆறரை மணித்தியாலம். குடிக்கவில்லை. உப்புவெளிப் பக்கம் கடைச் சாமான் இறக்கப் போக வேண்டி வந்தால் இன்னும் ஆள் மாற்றி அனுப்புகிறார். எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று, “டொக்டர், மூண்டாம் மாதத்திலயும் ஒருக்கா எடுத்தால்...” என்று தொடங்கினார். கொப்பியில் நேரம் எழுதச் சொன்னோம். 10.25, பலம் 3. பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது 20 நிமிடம் ஆகியிருக்கும்.